பழைய மில் பகுதியில் புது அடுக்குமாடி: பட்டாளம், புளியந்தோப்பு பக்கம் வீடு வாங்கலாமா?

#1 பட்டாளத்துப் பேரன்

வணக்கம். பல வருடமாக இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி, இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

சென்னை போரூரில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு படுக்கையறை வீடு ஒன்று சொந்தமாக வாங்க ஒரு வருடமாக அலைகிறோம். எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நிற்பது நான் பிறந்த இடத்தில்தான். வட சென்னையில், பட்டாளத்துக்கும் புளியந்தோப்புக்கும் நடுவே, ஒரு பழைய நூல் கிடங்கை இடித்துவிட்டுப் பதினான்கு மாடி எழுப்புகிறார்கள். கட்டுபவர் பெயர் வேண்டாம். மூடிப்போன பின்னி துணி மில் இருந்த நிலம் இல்லை, ஆனால் மேல்மாடியில் நின்றால் அந்த இடம் முழுக்கத் தெரியும்.

அம்மாவைப் பெற்ற தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது தினமும் சாப்பாட்டுக் கூடையை மில் கேட் வரை தூக்கிக்கொண்டு போவாராம். இப்போது வீட்டு விஷயத்தைச் சொன்னதும், "அந்த ஏரியாவை விட்டு வெளியே வரத்தானேடா உன்னைப் படிக்க வைத்தோம்? திரும்ப அங்கேயே கடன் வாங்கிப் போகிறாயா?" என்று ஒரு வாரம் பேசவில்லை.

மனைவிக்கு எழும்பூரில் வேலை, அவளுக்கு இடம் பிடித்திருக்கிறது. எனக்கு இரண்டும் கெட்டான் மனநிலை. ஒரு வேடிக்கை சொல்கிறேன்: விற்பனைக்காரர் கொடுத்த பளபளப்புப் புத்தகத்தில் பெரம்பூர் இருக்கிறது, புரசைவாக்கம் இருக்கிறது, "எழும்பூருக்குப் பத்தே நிமிடம்" கூட இருக்கிறது. புளியந்தோப்பு என்ற சொல் மட்டும் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை எங்கும் இல்லை.

அங்கே இருப்பவர்கள், வாங்கியவர்கள், வேண்டாம் என்று விட்டவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

#2 சதுரடி

உணர்ச்சியை அம்மாவிடம் விடுங்கள் சார், நான் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பாகம். 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் வரை உள்ள சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதற்கு மேல் போகும் உயரக் கட்டடத்துக்கு 3.25. ஆயிரம் சதுர அடி வீடு என்று வையுங்கள். பழைய மாதிரி ஐந்து மாடிக் கட்டடத்தில் தோராயமாக 500 சதுர அடி நிலம் உங்கள் பங்கு. பதினான்கு மாடியில் அதே வீட்டுக்கு 300 தேறினால் பெரிது. நாற்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது உங்கள் கையில் இருப்பது அந்த 300தான். நீச்சல் குளம் யாருக்கும் பங்கு தராது.

இரண்டாவது, பழைய தொழிற்சாலை, கிடங்கு நிலம் என்றால் மூலப்பத்திரத்தைப் பொறுமையாகப் பாருங்கள். கம்பெனிகள் வங்கியில் அடமானம் வைத்திருக்கும், தொழிலாளர் பாக்கி வழக்கு இருக்கும், வாரிசுச் சண்டை இருக்கும். முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டு, சொந்தமாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். "வங்கியே கடன் கொடுக்கிறது, அப்புறம் என்ன பயம்" என்பார்கள். வங்கி தன் பணத்தைப் பார்த்துக்கொள்ளும், உங்கள் பணத்தை இல்லை.

மூன்றாவது, அந்த நிலம் திட்ட வரைபடத்தில் தொழில் பகுதி என்று இருந்ததா, குடியிருப்பாக முறையாக மாற்றினார்களா என்று பெருநகர வளர்ச்சிக் குழும ஆவணத்தில் பாருங்கள். நான்காவது, ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். 2016 சட்டப்படி விலையைக் கார்பெட் ஏரியாவுக்குத்தான், அதாவது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் பரப்புக்குத்தான் சொல்ல வேண்டும், வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் அவர் செலவிலேயே சரி செய்ய வேண்டும். படிக்கட்டு, லிப்ட் பங்கையெல்லாம் சேர்த்து "சூப்பர் பில்ட்-அப்" என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

யூடிஎஸ் எவ்வளவு என்று கேட்டீர்களா?

#3 பட்டாளத்துப் பேரன்

கேட்டேன் சார். "ஒப்பந்தம் போடும்போது வரும்" என்றார்கள். எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்புகிறேன்.

#4 நல்லா ஓரம்

ஓட்டேரி நல்லா ஓரத்தில் நாற்பத்தாறு வருடம் இருப்பவன் எழுதுகிறேன். (தெரியாதவர்களுக்கு: நல்லா என்றால் 'நன்றாக' இல்லை, ஓடை. நன்றாக இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.)

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு தடவை நவம்பர் கடைசியில் வந்து பார். ஏப்ரலில் மாதிரி வீட்டில் குளிர்சாதனத்தைப் போட்டு எல்லோரும் அழகாகத்தான் காட்டுவார்கள். 2015-ல் தண்ணீர், 2021-ல் தண்ணீர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் நாள் கணக்கில் வடியாத தண்ணீர். இது இயற்கையிலேயே பள்ளம். அண்ணா நகர், அயனாவரம் பக்கத்தில் இருந்து வரும் மழைநீர் எல்லாம் இந்த ஓடை வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். கால்வாயில் மட்டம் ஏறிவிட்டால் ஓடை பின்னால் எதிர்த்துக்கொண்டு வரும். எண்பதுகளில் மில்லுக்குள்ளேயே வெள்ளம் புகுந்து நாசமானதை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கவில்லை.

புதிதாகக் கட்டுகிறவர் என்ன செய்கிறார்? தன் மனையை நாலடி, ஐந்தடி மண் கொட்டி உயர்த்திக்கொள்கிறார். அவருக்கு அது சரிதான். ஆனால் அந்த இடத்தில் முன்பு நின்ற தண்ணீர் எங்கே போகும்? எங்கள் சந்துக்கு. மில் இருந்தபோது மழைநீரை உறிஞ்சிய வெறும் மண்தரை எவ்வளவோ இருந்தது, மரங்கள் இருந்தன. இப்போது அந்தத் தரைக்கெல்லாம் சிமெண்டு.

எல்லாம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். மூடிக் கிடந்த காலத்தில் அந்த மதில் ஓரம் ராத்திரியில் பெண்கள் நடக்க முடியாது. இப்போது விளக்கு எரிகிறது, ஆட்டோ கிடைக்கிறது, மாவுக் கடை வைத்திருக்கும் என் தங்கைக்கு வியாபாரம் மும்மடங்கு. அதே தங்கைக்கு வாடகையும் ஏறிவிட்டது, அடுத்த வருடம் கடையை வியாசர்பாடிக்கு மாற்றப் போகிறாள். லாபமா நஷ்டமா, நீங்களே கணக்குப் போடுங்கள்.

#5 ரீல் பெட்டி

பின்னி மில் என்றதும் எனக்கு மில்லே நினைவுக்கு வராது, சண்டைக் காட்சிதான். துருப்பிடித்த தூண், மேலே இருந்து விழும் வெளிச்சம், கயிற்றில் கட்டி வைக்கப்பட்ட கதாநாயகியின் தம்பி, சுற்றிலும் காலி பீப்பாய். மூடிய பிறகு தமிழ் சினிமா அங்கே உடைக்காத பீப்பாய் இல்லை. வடபழனியில் ஸ்டுடியோக்கள் இருந்த இடத்திலும் இப்போது அடுக்குமாடி, மால். ஆலை போய், ஆலையைப் படம் எடுத்த இடமும் போய்விட்டது.

#6 மட்டுறுத்துநர்

"நேரடி உரிமையாளர், கமிஷன் இல்லை" என்று இரண்டு பேர் கைப்பேசி எண்ணோடு போட்ட பதிவுகள் நீக்கப்பட்டன. இரண்டும் ஒரே எண்.

#7 சங்கநாதம்

இழையைத் தொடங்கிய தம்பியின் தாத்தாவை எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. நான் நூற்புப் பிரிவில் கணக்கு எழுதியவன். இப்போது வயது எழுபத்தெட்டு. பேரன் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

எல்லோரும் "பின்னி மில்" என்று ஒரே பெயராகச் சொல்கிறீர்கள். அது இரண்டு ஆலை. பக்கிங்ஹாம் ஆலை 1876-ல் வந்தது, கர்நாடிக் ஆலை அடுத்த சில வருடங்களில். 1920-ல் இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். அதனால்தான் எங்கள் காலத்து ஆட்கள் "பி அண்ட் சி" என்போம். ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி அங்கிருந்துதான் போகும். பள்ளிக்கூடச் சீருடைக்கு பின்னி துணி எடுத்தால் தம்பி, அடுத்த தம்பி என்று மூன்று பேர் போட்ட பிறகும் கிழியாது.

அந்த அம்மா சாப்பாட்டுக் கூடை தூக்கிக்கொண்டு போனது என்று படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. இந்த நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918 ஏப்ரல் 27. பிறந்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று சாப்பாட்டு நேரம்! மதியத்துக்கு அரை மணி நேரம்தான் விட்டார்கள். கை கழுவி, கூட்டத்தில் இடம் பிடித்து, விழுங்கிவிட்டு ஓடி வர அது போதவில்லை. ஆலைப் பக்கம் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள்தான் தியோசபிகல் சங்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவிடம் போனார்கள், திரு.வி.க. சேர்ந்துகொண்டார். கம்பெனி வாடியா மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் வைத்தவனையே வழக்கில் இழுக்க முடியும் என்ற அந்த நிலைமை மாற 1926 தொழிற்சங்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆக, கூடையில் போனது வெறும் சோறு இல்லை தம்பி, சட்டமும் கொஞ்சம் போயிருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போனார்கள். பட்டினி தாங்க முடியாதவர்கள், சங்கத்தில் தங்களுக்கு என்ன இடம் என்ற சந்தேகமும் உள்ளவர்கள். அதன் விளைவு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, பல மாதம் ஊர் இரண்டாகக் கிடந்தது. ஆகவே "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம், இப்போது மதில் வந்து பிரித்துவிட்டது" என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். மதில் அப்போதும் இருந்தது, வெளியிலும் இருந்தது, உள்ளேயும் இருந்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. காலையில் சங்கு ஊதினால் கேட் திறக்கும், சுற்றியுள்ள தெருக்களே நடந்து உள்ளே போகும். சம்பளத் தேதியில் அந்தக் கேட் வழியாகத்தான் பட்டாளம் கடைத்தெருவுக்குப் பணம் வரும். 1996-ல் மூடிய பிறகு பல பேர் செட்டில்மெண்ட் பணத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு, வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். நானும் இரண்டு வருடம் போனேன். அண்ணா நகரில், ஒரு அடுக்குமாடியில்.

#8 மாட்டுங்கா மணி

ஐயா பதிவைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பம்பாயில் பிறந்து வளர்ந்தவன் நான். மில் நிலம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு மில்கள் நிறைந்திருந்த எங்கள் லோயர் பரேல்தான் பாடப்புத்தகம்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முறையாக முடிந்ததாக இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. 1991-ல் அரசு ஒரு விதி போட்டது: மில் நிலத்தை விற்றுக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா, மைதானம் மாதிரி பொதுக் காரியத்துக்கு. இன்னொரு பங்கு அரசு வீட்டு வசதிக்கு. மிச்சம்தான் முதலாளிக்கு. காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு வேண்டாம். 2001-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது: மூன்று பங்குக் கணக்கு மில் வளாகம் முழுவதற்கும் இல்லை, கட்டடம் ஏதும் இல்லாத வெற்றிடத்துக்கு மட்டும்தான் என்று. மில் என்றாலே கொட்டகைதானே, வெற்றிடம் எங்கே இருக்கும்? பொதுப் பங்கு சுருங்கிப்போனது. உயர் நீதிமன்றம் ஒரு பக்கம் சொல்ல, 2006-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்தது. பழைய தொழிலாளர்களுக்குக் குலுக்கல் முறையில் வீடு உண்டு, ஆனால் லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம், சிலருக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே தூரத்துப் பன்வேல் பக்கம். பரேலில் நூல் நூற்றவருக்குப் பன்வேலில் வீடு.

சாலை, ரயில் பற்றி ஒரே ஒரு விஷயம். மில் போய் அலுவலகங்களும் கோபுரங்களும் வந்தன, ஆனால் அதே பகுதியின் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் நடைபாலம் பழைய அகலத்திலேயே இருந்தது. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் அந்தப் பாலத்தில் நெரிந்து 23 பேர் செத்தார்கள். கட்டடத்தின் உயரத்தை ஒரு கையெழுத்தில் ஏற்றிவிடலாம். நடைபாலத்தின் அகலத்தை யாரும் ஏற்றவில்லை. நீங்கள் வாங்கும் இடத்துக்கு வெளியே சாலை எத்தனை அடி, சாக்கடைக் குழாய் எந்த வருடத்தது என்று கேட்டீர்களா?

#9 கோயமுத்தூர் குசும்பு

எங்கள் ஊரில் லட்சுமி மில்ஸ் என்று பஸ் நிறுத்தமே உண்டுங்க. முன்னெல்லாம் பஞ்சு நெடி. 2023-ல் இருந்து அந்த வளாகத்தில் லூலு பேரங்காடி. இப்போதும் கண்டக்டர் "லட்சுமி மில்லு எறங்கு" என்றுதான் சொல்கிறார், இறங்குகிறவர் தள்ளுவண்டியோடு முட்டைகோஸ் வாங்கப் போகிறார். குறை சொல்லவில்லைங்க, என் அப்பா அந்த மாதிரி மில் பஞ்சைச் சுவாசித்து இருமியே போனார். எல்லா ஆலைக்கும் அழ வேண்டியதில்லை.

#10 புதுவீட்டுக்காரி

இதைப் படிக்கப் படிக்க ஏதோ நாங்கள்தான் வந்து ஊரைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஐந்து வருடமாக அந்தப் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். எது என்று கேட்காதீர்கள். என் அப்பா திருநெல்வேலி பக்கம் பஸ் கண்டக்டர். இருபது வருடக் கடன். மாதம் பிறந்தால் முதல் தேதி தவணை, ஐந்தாம் தேதி மெயின்டனன்ஸ். யாரையும் துரத்திவிட்டு வந்தவர்கள் இல்லை நாங்கள், ஓ.எம்.ஆரில் வாங்கக் காசு பத்தாமல் வந்தவர்கள்.

மிக்ஜாம் கதையை நானும் சொல்கிறேன். தரையை உயர்த்தித்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் மின்சாரப் பெட்டியும் பம்பு மோட்டாரும் கீழ்த்தளத்தில். வண்டி நிறுத்தும் இடத்துச் சரிவு வழியாகத் தண்ணீர் இறங்கியது. லிப்ட் இல்லை, மேலே தண்ணீர் ஏறவில்லை, பதினோராவது மாடி, மாமியாருக்கு முட்டி வலி. மூன்றாம் நாள் எதிர்ச் சந்துப் பையன்கள் நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டும் தண்ணீர்க் கேனும் தலையில் வைத்துக்கொண்டு வந்து, பதினோரு மாடி படி ஏறிக் கொடுத்தார்கள். பால் விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்கள் சங்கக் கூட்டம். முதல் தீர்மானம், வேலைக்கு வரும் அம்மாக்கள் சரக்கு லிப்டில்தான் ஏற வேண்டும். இரண்டாவது, பூங்காவில் "வெளியாள்" விளையாடக் கூடாது. அந்தப் பையன்கள் மாலையில் பந்து விளையாட வந்துகொண்டிருந்தார்கள். நான் ஆதரவாகக் கை தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் "அந்தப் பால் பாக்கெட்டுப் பையனுக்குப் பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

#11 சதுரடி

சகோதரி, அந்தப் பூங்கா விஷயத்தைக் கொஞ்சம் தோண்டுங்கள். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கொடுத்த நிலத்தில்தான் உங்கள் பூங்கா இருக்கிறது என்றால், அது உங்கள் சங்கத்தின் பூங்காவே இல்லை, மாநகராட்சியுடையது. அங்கே "வெளியாள்" என்று யாரும் கிடையாது. அனுமதி வரைபடத்தில் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) என்று குறித்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். பாதி ஊரில் இதுதான் கதை: கொடுத்தது காகிதத்தில், வாட்ச்மேன் வாசலில்.

#12 புதுவீட்டுக்காரி

பார்த்தேன். குறித்திருக்கிறது. எங்கள் பூங்காவில் நாலில் ஒரு பங்கு அதில் வருகிறது, சறுக்குமரம் இருக்கும் பக்கம். செயலாளரிடம் காட்டினேன், "இதை ஏன் மேடம் கிளறுகிறீர்கள், நம் சொத்து மதிப்பும்தானே போகும்" என்றார். அடுத்த கூட்டத்தில் எழுப்புகிறேன். ஜெயிக்குமா தெரியாது.

#13 நல்லா ஓரம்

மேடம், உங்கள் மேல் கோபம் இல்லை. சரிவு வழியாகத் தண்ணீர் இறங்கியது என்றீர்களே, அது எங்கள் சந்துத் தண்ணீர்தான். உங்கள் மனையில் நின்றதை எங்களிடம் தள்ளினீர்கள், அது சுற்றிக்கொண்டு உங்களிடமே வந்துவிட்டது. தண்ணீருக்கு கேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாது.

இன்னொன்று. கால்வாய்க் கரையில் இருந்த எங்கள் சொந்தக்காரர்களில் எத்தனையோ பேரை நகரத்தின் தெற்குக் கோடியில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். நீர்நிலை ஓரம் ஆபத்து என்றார்கள். சரி, ஆபத்துதான். அதே பள்ளத்தில் பதினான்கு மாடி வந்தால் ஆபத்து போய்விடுமா? அங்கே போனவர்கள் விடியற்காலை பஸ் பிடித்து இங்கேயே வீட்டு வேலைக்கு வருகிறார்கள். மெட்ரோ வந்தால் சுலபமாக வருவார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்த மாதவரம்–சிப்காட் தடம் ஓட்டேரி வழியாகத்தான் போகிறது, உண்மை. டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

#14 சங்கநாதம்

நல்லா ஓரம் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேரனைப் பார்த்து வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். பட்டாளத்துப் பிள்ளை பட்டாளத்தில் வாங்காமல் வேறு யார் வாங்குவது?

#15 பட்டாளத்துப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஐயா, தாத்தா பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

போன ஞாயிறு அம்மாவை ஒரு வழியாக அழைத்துக்கொண்டு போனேன். மாதிரி வீடு ஒன்பதாவது மாடியில். வழக்கமான பேச்சு: மாடுலர் கிச்சன், உடற்பயிற்சிக் கூடம். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை, நேராக பால்கனிக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு பெரிசா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. அந்த மில் இடத்தைச் சொல்கிறார். எட்டு வருடம் தினமும் கூடை கொண்டு போயிருக்கிறார், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே ஒரு தடவைகூடப் போனதில்லை. கூடையை வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டு, முந்தின நாள் காலிக் கூடையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அறுபத்தாறு வயதில்தான் பார்க்கிறார், அதுவும் அங்கே எல்லாம் இடித்துக் கட்டியாகிவிட்ட பிறகு.

"நெசவு எந்தப் பக்கம் இருந்திருக்கும்?" என்று கேட்டார். விற்பனைக்காரர், "நார்த் ஃபேசிங்தான் மேடம், நல்ல காற்று வரும்" என்றார்.

இறங்கும்போது, சமையலறை ஜன்னல் சின்னது, அலமாரி பத்தாது என்று குறை சொல்ல ஆரம்பித்தார். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா குறை சொல்ல ஆரம்பித்தால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

முடிவு இன்னும் எடுக்கவில்லை. நவம்பர் வரை காத்திருப்போம் என்று இருக்கிறோம். நல்லா ஓரம் அண்ணன் சொன்னபடி ஒரு மழை பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் மின்சாரப் பெட்டி எங்கே என்றும் கேட்டேன், சிஸ்டர். வரைபடத்தில் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

#16 சதுரடி

அதெல்லாம் சரி சார். யூடிஎஸ் என்ன சொன்னார்கள்?

#17 பட்டாளத்துப் பேரன்

இரண்டு மின்னஞ்சல் போட்டாயிற்று. மூன்று தடவை கூப்பிட்டு, தீபாவளிச் சலுகையில் ஏ.சி. இலவசம் என்று சொன்னார்கள்.